பாதை அக்கரையில் நிற்கும்போது

கிழக்கு மாகாணத்துப் பேச்சில் ‘பாதை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த தெரு. மற்றது, ஆற்றையும் கடல்வாயையும் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் மிதவை. “பாதை அக்கரையில நிக்குது” என்று துறையடியில் யாராவது சொன்னால், அது திரும்பி வரும்வரை இக்கரையில் நிற்க வேண்டியதுதான். கிண்ணியாவுக்கும் திருகோணமலை நகரத்துக்கும் நடுவே, தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் கைகோக்கும் கடல்வாயில், 2009 ஒக்டோபர் வரை அந்தப் பாதையை விட்டால் நேர்வழி கிடையாது. நெல் மூட்டை ஏற்றிய லொறி, பள்ளிக்கூடத்து வாத்தியாரின் சைக்கிள், பெரியாஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டிய நோயாளி, எல்லாரும் வந்து நிற்பது அதே துறையில்தான்.

அந்தத் துறையில் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வலது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வலி தொடங்கியது முந்தின நாள் மாலை, தொப்புளைச் சுற்றி. வாய்வு என்றார்கள், ஓமத்தண்ணி கொடுத்தார்கள். இரவில் வாந்தி வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வாந்தி புதிதா என்றார்கள். விடியும்போது வலி வலப்பக்கம் இறங்கிவிட்டது. நேரத்தோடு வரும் பேற்று வலியோ என்று மருத்துவிச்சிக்கு ஆள் போனது. இப்படி நியாயமான காரணங்களாலேயே ஒரு முழு இரவு கழிந்துவிடும். குடல்வளரி அழற்சிக்கு ஒரு இரவு என்பது மிக நீண்ட காலம்.

தமிழ்நாட்டில் குடல்வால் என்றும் ஈழத்தில் குடல்வளரி என்றும் சொல்கிற உறுப்பு, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் அளவுக்குத் தொங்கும் ஒரு முட்டுச்சந்து. அதன் வாய் அடைபட்டால் உள்ளே சுரப்பது வெளியேற முடியாது. அழுத்தம் ஏறும், இரத்த ஓட்டம் குன்றும், சுவர் அழுகும், கடைசியில் பொத்துக்கொள்ளும். வேறு நேரமானால் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை ஓடிவந்து அந்த இடத்தைச் சுற்றிப் பொதிந்து, சீழை ஒரு கட்டியாக அடைத்து வைக்கப் பார்க்கும். வளர்ந்த கருப்பை அந்தத் திரையை ஒருபக்கம் தள்ளிவிடுகிறது. அதனால் கர்ப்பத்தில் சீழ் கட்டுப்படாமல் வயிறெங்கும் பரவுகிறது. பரவிய சீழ் கருப்பையைச் சீண்டிக் குறைமாதப் பேற்றைக் கொண்டுவருகிறது. ஏறத்தாழ 1,500 கர்ப்பங்களில் ஒன்றில் இந்த நோய் வருகிறது. பிள்ளைப்பேற்றோடு தொடர்பில்லாத காரணத்துக்காக ஒரு கர்ப்பிணியின் வயிற்றை அவசரமாகத் திறக்க வேண்டி வந்தால், பெரும்பாலும் அது குடல்வளரிக்காகத்தான்.

கர்ப்பத்தில் இந்த நோயை முதன்முதலில் எழுதிவைத்தவர் ஹென்றி ஹன்கொக். இலண்டன் சேரிங் குரொஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சையாளர். ஆண்டு 1848. நோயாளிக்கு வயது 30. எட்டாம் மாதத்தில் குறைப்பேறு ஆனவர். வலது அடிவயிறு வீங்கி, எந்த மருந்துக்கும் மசியாமல் கிடந்த அவரை ஹன்கொக் துணிந்து கீறினார். நாற்றமடிக்கும் நீர் வெளியேறியது. சில நாள் கழித்து அந்தப் புண் வழியாகவே கல்லாய் இறுகிய மலத்துண்டுகள் வந்தன. அவர் பிழைத்தார். சீழ் கட்டியாகத் திரண்டு முட்டும்வரை காத்திருப்பது அக்காலத்து வழக்கம். அதற்கு முன்பே கீறலாம் என்று ஹன்கொக் வாதாடினார். அதைக் கேட்டு நடக்கிறவர்கள் வர இன்னும் நாற்பது வருடம் ஆயிற்று.

1886இல்தான் பொஸ்டனில் ரெஜினோல்ட் ஃபிட்ஸ் நோய்க்கு ‘அப்பெண்டிசைட்டிஸ்’ என்று பெயர் வைத்தார். 1889இல் நியூயோர்க்கின் சார்ல்ஸ் மக்பேர்னி, வலி குவியும் இடத்தை விரல் வைத்துக் காட்டினார். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், எலும்புப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கில் அந்தப் புள்ளி. இன்றும் மருத்துவ மாணவர் விரல் முதலில் போகும் இடம் அது. 1902 ஜூனில் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு இதே நோய் வந்தது. விழா தள்ளிவைக்கப்பட்டது, ஃபிரெடரிக் டிரீவ்ஸ் சீழை வெளியேற்றினார், ஓகஸ்டில் முடிசூட்டு நடந்தது. டிரீவ்ஸின் சொந்த மகள் அதற்கு இரண்டு வருடம் முன்னர் குடல்வளரி பொத்து இறந்திருந்தார். சத்திரசிகிச்சை நிபுணரின் வீட்டுக்குள்ளும் தாமதம் நுழைந்துவிடும் நோய் இது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் தீர்ப்புப் போலச் சொன்னவர் அமெரிக்கரான பப்ளர். 1908இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: இந்தப் பெண்களைக் கொல்வது தாமதம். கத்திக்குப் பயந்து காத்திருக்கிறோம், காத்திருப்பதால் பொத்துக்கொள்கிறது, பொத்தபின் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்தப் பொருளில் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்த வாக்கியத்தைத் தொடாமல் போவதில்லை.

அதே 1908இன் நத்தார் தினத்தில் திருகோணமலையில் ஒருவர் வயிற்றுளைவால் இறந்தார். பேர்சி மொல்ஸ்வேர்த் என்ற படைப்பொறியியலாளர். வியாழன் கோளைத் தொலைநோக்கியால் பார்த்துக் குறித்ததால் உலக வானியலாளர் அறிந்த பெயர். திருகோணமலையின் பழைய ஐரோப்பிய மயானத்தில்தான், 1852இல் பர்மாப் போரில் வாந்திபேதியால் இறந்த அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்டினும் கிடக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. துறைமுகத்துக்கு வந்து நோயில் இறந்த வெள்ளைக்கார ஆண்களுக்குக் கல் இருக்கிறது, கல்லில் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. கொட்டியாரக் குடாவைச் சுற்றி வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ‘காய்ச்சலில் போனாள்’, ‘பேற்றில் போனாள்’ என்ற இரண்டு சொற்றொடருக்குள் எத்தனை நோய்கள் மறைந்துபோயினவோ. வீட்டுப் பேச்சில் குடல்வளரிக்கு அப்போது இடமே இல்லை.

பிரித்தானியர் 1795இல் பிடித்த துறைமுகம் இது. 1957இல் இலங்கையிடம் கையளிக்கும்வரை அவர்களுடைய கடற்படைக்குப் பெருந்தளம். கடற்படைக்கென்று தனி வைத்தியசாலையும் இருந்தது. ஆனால் அது மாலுமிக்கானது. மாலுமிக்குப் பிள்ளை பிறப்பதில்லை.

பெண்களுக்கான சத்திரசிகிச்சை தமிழ்ப் பகுதிக்கு வந்த வழி யாழ்ப்பாணத்து மிஷன் வழி. மானிப்பாயில் 1847 தொடக்கம் பணிசெய்த டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். மகப்பேற்று நூலொன்றை 1857இல் தமிழாக்கினார்; 1867இல் ‘இரணவைத்தியம்’ என்று சத்திரசிகிச்சை நூலொன்றைக் கொண்டுவந்தார். ஃபிட்ஸ் நோய்க்குப் பெயர் வைத்தபோது கிரீன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கத்தியைப் பற்றியும் பேற்றைப் பற்றியும் தமிழில் தனித்தனி நூல் இருந்தும், இரண்டும் சந்திக்கும் இந்த நோய் அவற்றின் காலத்துக்குப் பின்னால்தான் வந்தது. 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கென்றே திறந்தது. டாக்டர் இசபெல்லா கேர் அங்கே பணிசெய்தார். ஆண் வைத்தியரிடம் வயிற்றைக் காட்டக் கூசிய பெண்கள் வைத்தியசாலைக்கு வந்த காலம் அங்கே தொடங்குகிறது. திருகோணமலைக்கு ரயிலே 1927இல்தான் வந்தது என்பதை நினைத்தால், இணுவில் எவ்வளவு தூரம் என்பது விளங்கும்.

வீட்டுக்குள் இருந்த இன்னொரு ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. வயிற்றுவலிக்கு ஆமணக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது நம் ஊர்களில் கைவைத்தியத்தின் முதல் படி. வீங்கிய குடல்வளரியோடு பேதி மருந்து சேர்ந்தால் பொத்துக்கொள்ளும் ஆபத்து கூடும். இது தமிழர் மட்டும் செய்த தவறில்லை. வயிறு வலித்தால் பேதி மருந்து கொடுக்காதீர்கள் என்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1930களில் பெரும் பிரசாரமே நடத்த வேண்டியிருந்தது.

கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு சிரமம்? கர்ப்பம் இந்த நோயின் ஒவ்வொரு அடையாளத்தையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. குமட்டல், வாந்தி, பசியின்மை மூன்றும் கர்ப்பத்தில் சகஜம். தொற்று இருந்தால் கூடும் வெண்குருதிக் கலங்கள், தொற்றே இல்லாத கர்ப்பிணிக்கும் 16,000 வரை போகும். வலப்பக்க வலிக்கோ சிறுநீரகத் தொற்று, முறுக்கிக்கொண்ட சூலகம், இழுபடும் கருப்பைத் தசைநார், தொடங்கிவிட்ட பேறு என்று காரணங்கள் வரிசை கட்டி நிற்கும். 1932இல் பேயர் என்பவரும் கூட்டாளிகளும் 78 கர்ப்பிணிகளை எக்ஸ்ரே எடுத்து, மாதம் ஏற ஏறக் கருப்பை குடல்வளரியை மேலே தள்ளுகிறது, எட்டாம் மாதத்தில் அது இடுப்பெலும்புக்கு மேலேறிவிடும் என்று படம் வரைந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு எக்ஸ்ரே கெடுதல் என்பது அன்று தெரியாது. அலிஸ் ஸ்டுவர்ட் அதை எடுத்துச் சொன்னது 1956இல். அந்தப் படம் பாடப்புத்தகமெங்கும் ஏறியது. கீறலையும் மேலே தள்ளிப் போடப் பழகினார்கள். 2000இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று சுமார் 67,000 பேறுகளின் பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு: எந்த மாதமானாலும் பெரும்பாலான பெண்களுக்கு வலி பழைய இடத்தில்தான், வலது அடிவயிற்றில். மேலே வலிக்கவில்லையே என்று ஒரு கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பியிருந்தால், அனுப்பியது அந்த எழுபது வருடத்துப் படம்.

கருவி ஏதுமில்லாத சின்ன வைத்தியசாலைக்கு உதவிய கண்டுபிடிப்பு 1951இல் வந்தது. அல்டர்ஸ் என்ற மருத்துவர் எழுதியது. கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலி எங்கே அதிகம் என்று விரலால் தேட வேண்டும். இடம் கிடைத்ததும் விரலை எடுக்கக் கூடாது. விரல் அங்கேயே இருக்க, அவளை மெதுவாக இடப்பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும். கனத்த கருப்பை இடப்பக்கம் சரியும். வலியும் அதோடு நகர்ந்தால் வலி கருப்பையினுடையது. கருப்பை போய்விட்டது, விரலுக்குக் கீழே வலி அப்படியே நிற்கிறது என்றால் குடல்வளரியைச் சந்தேகி. ஒரு கட்டில், ஒரு விரல், ஒரு பெண்ணின் பொறுமை. இவ்வளவுதான் வேண்டும். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு மரியாதையாகவும் ஒரு சோதனை அமைவது அபூர்வம். அந்தப் பெண் தானே திரும்புகிறாள், எங்கே வலிக்கிறதென்று தானே சொல்கிறாள்.

இடப்பக்கம் சரிப்பதற்குச் சத்திரசிகிச்சை மேசையிலும் இடமுண்டு. மல்லாந்து கிடக்கும் கர்ப்பிணியின் கருப்பை, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருநாளத்தை நசுக்கும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், தாயின் அழுத்தம் விழும், பிள்ளைக்கு மூச்சு முட்டும். 1950களில் இது தெளிவானபின், வலது இடுப்புக்குக் கீழே துணிச் சுருளையோ சிறு தலையணையையோ செருகி உடலைச் சற்று இடப்பக்கம் சாய்த்துவிட்டே கத்தியை எடுக்கிறார்கள். கர்ப்பிணிக்கு நடக்கும் ஒப்பரேஷனில் பெரிய காரியங்களுக்கு நடுவே அந்தத் துணிச் சுருளும் ஓர் உயிரைத் தாங்குகிறது.

இந்த அறிவெல்லாம் திருகோணமலைக்குப் பயன்பட, அதைக் கிராமத்து வாசல்வரை கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் மருத்துவிச்சி. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதார அலகு முறை, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுக்கும் போக வேண்டும் என்று வகுத்தது. பின்னர் தீவு முழுவதும் பரவியது. 1940களின் முற்பாதியில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அந்த எண் 30 அளவில் நிற்கிறது. இலவச வைத்தியசாலை, நுண்ணுயிர்க் கொல்லி, இரத்த வங்கி எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. எனினும், “இது வாய்வில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க” என்று சைக்கிளில் வந்து இறங்கிச் சொன்ன பெண்ணின் பங்கை முதலில் வைக்க வேண்டும்.

அவள் சொன்னபிறகும் தண்ணீர் குறுக்கே கிடந்தது. மகாவலி வந்து விழும் குடா இது. மூதூரிலிருந்து நகரத்துக்குக் கடல்வழியில் லாஞ்ச்; தரைவழியில் போனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகள். மழைக்காலத்தில் கடல் பொங்கினால் லாஞ்ச் இல்லை, ஆறு பொங்கினால் பாதை இல்லை.

உள்நாட்டுப் போர் வந்தது, இருட்டியபின் பாதையும் இல்லை, வீதியும் இல்லை. மாலையில் தொடங்கிய வலி விடியும்வரை காத்திருக்க வேண்டிய ஊரில் பப்ளரின் வாக்கியத்துக்கு விளக்கம் தேவைப்படாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கிண்ணியா வைத்தியசாலைக்குள்ளேயே கடல் புகுந்து அதைச் சிதைத்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் போர்க்களமாகி ஊரே கந்தளாய்ப் பக்கம் நடந்தது. அந்த மாதமே யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டு, யாழ்ப்பாணத்தார் வெளியே வரத் திருகோணமலைக் கப்பலே கதியானது. 2009 பெப்ரவரி தொடக்கம் மே வரை, செஞ்சிலுவைச் சங்கம் முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயப்பட்டோரையும் நோயாளரையும் உறவினரையும் கப்பலில் ஏற்றியது, 13,000க்கும் மேற்பட்டவர்கள். முதலில் திருகோணமலையில் இறக்கினார்கள், பிறகு மாவட்டத்தின் வட எல்லையான புல்மோட்டையில். அங்கே இந்திய மருத்துவக் குழு கூடாரத்தில் ஒப்பரேஷன் செய்தது. மாலுமிக்காகக் கட்டிய துறைமுகம் தமிழ் நோயாளரின் வாசலான காலம் அது. எப்படிப்பட்ட காலத்தில் ஆனது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அந்த வருடம் ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர்; இலங்கையின் மிக நீளமான பாலம் என்று அன்று சொன்னார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் மூதூர் வழியிலும் பாதைகளின் இடத்தைப் பாலங்கள் பிடித்தன. மருத்துவ வரலாற்று நூல்கள் பாலங்களை எழுதுவதில்லை. இந்த மாவட்டத்தில் எழுதத்தான் வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சத்திரசிகிச்சையும் மாறியிருந்தது. 1980இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கேர்ட் செம் வயிற்றைத் திறக்காமலே, சிறு துளைகள் வழியாகக் குடல்வளரியை எடுத்தார். அவர் மகப்பேற்று மருத்துவர். சத்திரசிகிச்சையாளர் பலர் அவர்மேல் சீறினார்கள். பத்து வருடத்தில் அதே முறை கர்ப்பிணிகளுக்கும் வந்தது. ஸ்கேனில் தெளிவில்லையென்றால், கதிர்வீச்சில்லாத எம்ஆர்ஐ உண்டு. அவசரத்துக்கும் அளவு உண்டென்று கலிபோர்னியாவில் 3,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் பதிவுகளை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பொத்துப்போன அல்லது சீழ்கட்டிய குடல்வளரியில் நூற்றுக்கு 6 பிள்ளைகள் தவறின. நோயே இல்லாத குடல்வளரியை ஐயத்தின் பேரில் எடுத்தபோதும் நூற்றுக்கு 4 தவறின. நோய் இருந்து, பொத்துப்போகுமுன் எடுத்தபோது 2. ஆகவே நேரத்தோடு பார்ப்பதும் சரியாகப் பார்ப்பதும் இரண்டுமே வேண்டும். இரண்டுக்கும் முதல் தேவை, நோயாளி நேரத்தோடு வந்து சேர்வது.

இன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. 2016இல் நாட்டின் தென்மேற்கில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை இப்போது இந்த மாவட்டத்திலும் ஓடுகிறது. ஆனாலும் 2021 நவம்பர் 23 காலையில், பாலம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ளிட்டோர் இறந்தார்கள். கிண்ணியாவில் தண்ணீரின் கதை இன்னும் முடியவில்லை.

இதை வாசிக்கும் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருந்தால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கி விடாமல் நிற்கும் வலிக்கு ஓமத்தண்ணியும் வேண்டாம், ஆமணக்கெண்ணெயும் வேண்டாம், விடியட்டும் என்ற பேச்சும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள். காசு கேட்கமாட்டார்கள். பாலம் இரவிலும் திறந்தே இருக்கிறது.